மணக்கும் களை

உழவாரம் என்ற கருவியை ஆக்லாந்தில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். நீண்ட பிடி, நுனியில் தட்டையான இரும்புத் தகடு. தகட்டைத் தரையோடு படிய வைத்துத் தள்ளினால் புல் வேரோடு பெயர்ந்து வரும். ஆழ உழவோ குழி தோண்டவோ அது உதவாது. கோயில் முற்றத்திலும் பிராகாரத்துக் கல்லிடுக்கிலும் முளைக்கிற புல்லைச் செதுக்குவதுதான் அதன் வேலை. அறுபத்து மூவர் வரிசையில் அப்பர் என்ற திருநாவுக்கரசரை நமக்கு அடையாளம் காட்டுவதும் இந்தக் கருவிதான். பன்னிரு திருமுறைகளில் நான்கு, ஐந்து, ஆறு என மூன்று திருமுறைகள் முழுக்க அவர் பாடியவை. அவ்வளவு பாடியவரின் கையில் சிற்பிகள் ஏட்டுச்சுவடியைக் கொடுக்கவில்லை. புல் செதுக்கும் கருவியைக் கொடுத்தார்கள்.

அந்தக் கருவியோடு அவர் நிற்கும் காட்சிகளில் ஒன்று பல ஆண்டுகளாக என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. இடம் திருப்புகலூர், இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்வது இது. அப்பர் தம் கடைசிக் காலத்தை அந்த ஊரில் கழிக்கிறார். வழக்கம்போலக் கோயில் முன்றிலில் உழவாரப் பணி நடக்கிறது. அவர் உறுதியை உலகம் அறியட்டும் என்று இறைவன் நினைக்க, உழவாரம் படும் இடமெல்லாம் பொன்னும் நவமணியும் கிடந்து ஒளிர்கின்றன. அப்பர் அவற்றை முற்றத்துப் பருக்கைக் கற்களோடு கற்களாக உழவாரத்தில் ஏந்தி, அருகிலிருந்த தாமரைக் குளத்தில் எறிந்துவிடுகிறார். பிறகு வானுலகத்து அரம்பையர் வந்து ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், மலர் தூவுகிறார்கள். அவர் பணி நிற்கவில்லை.

சிறுவயதில் இந்தக் கதையைக் கேட்டபோது, பொன்னுக்கும் பெண்ணுக்கும் மயங்காத பெரியவர் என்ற அளவில் மனத்தில் பதிந்தது. அது மேல்தோல் மட்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் உள்ளே வேறு சில செய்திகள் இருக்கின்றன.

பொன் தெரிந்தபோது அப்பர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது முதல் செய்தி. கண்ணை மூடித் தவத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. முதுகு வளைந்த, கை அசைந்துகொண்டிருந்த வேளை அது. முற்றத்தைச் சுத்தம் செய்ய வந்தவருக்குப் புல்லும் கல்லும் பொன்னும் ஒன்றுதான், ஏனென்றால் மூன்றும் அடியார்களின் காலில் இடறும். பொன்னை வெறுத்து ஒதுக்க அவர் தனியாக ஒரு வைராக்கியத்தை வரவழைத்துக்கொண்டதாகச் சேக்கிழார் சொல்லவில்லை. புல்லை அள்ளிய அதே கருவி, அதே கைவீச்சு.

இரண்டாவது, இந்தச் சோதனை வந்த வயது. மரபு அவருக்கு 81 ஆண்டுகள் சொல்கிறது. இளம்பருவத்தில் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்று பேர் பெற்று, சூலை நோயில் துடித்துத் திருவதிகைக்கு வந்து, மன்னனின் தண்டனைகளைத் தாங்கி, நாடெல்லாம் நடந்து முடித்த பிறகு, எல்லாம் அடங்கியிருக்க வேண்டிய முதுமையில்தான் பொன் வருகிறது. வயதானால் ஆசை தானே உதிர்ந்துவிடும் என்று நம்பிக் காத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது நல்ல எச்சரிக்கை.

மூன்றாவது செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. அரம்பையர் ஆடி முடித்த நிலையில் அப்பர் பேசுகிறார். யாரிடம் தெரியுமா? அந்தப் பெண்களிடம் அல்ல. அவர்களைக் கடிந்து ஒரு சொல் இல்லை. தம் இருவினைகளைப் பார்த்துப் பேசுகிறார். உங்களால் எனக்கு ஆக வேண்டியது என்ன, நான் திருவாரூர் இறைவனுக்கு ஆளாகிவிட்டேனே என்ற பொருளில் அந்தப் பேச்சு போகிறது. வெளியே இருப்பதைக் குற்றம் சொல்லாமல், தன்னுள் எது அதற்கு எழுந்து நிற்கிறதோ அதோடு நேரே பேசுவது. இன்றைக்கு நாம் செல்பேசியைத் திட்டுகிறோம், காலத்தைத் திட்டுகிறோம். திருப்புகலூர்ப் பெரியவர் திட்டவே இல்லை.

அவர் இந்தக் கைத்தொண்டைக் கற்ற இடமும் கவனிக்கத்தக்கது. திருவதிகைக் கோயிலில் அலகு பிடித்துப் பெருக்கி, சாணமிட்டு மெழுகிக்கொண்டிருந்தவர் அவருடைய அக்கா திலகவதியார். நோயோடு வந்த தம்பிக்கு அவர் நூல்களை விரித்து வாதம் செய்யவில்லை. திருநீறு கொடுத்து, கோயிலுக்குள் அழைத்துப் போனார். கைத்தொண்டு அந்தக் குடும்பத்தில் அக்காவின் கையிலிருந்து தம்பியின் கைக்கு வந்த சொத்து.

இனி ஆக்லாந்துக்கு வருகிறேன். இங்கே தமிழர் என்றால் ஒரே ஊர்க்காரர் அல்ல. தமிழ்நாடு, ஈழம், மலேசியா, சிங்கப்பூர், ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று பல கரைகளிலிருந்து வந்தவர்கள் ஒரே சந்நிதியில் நிற்கிறோம். ஊரில் பக்தியைத் தாங்க நம்மைச் சுற்றி ஆயிரம் கைகள் இருந்தன என்பது இங்கு வந்த பிறகுதான் தெரிகிறது. மார்கழி என்றால் விடியுமுன் ஒலிபெருக்கி எழுப்பிவிடும். பக்கத்து வீட்டுக் கோலம் நம்மையும் வாசலுக்கு இழுக்கும். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் கந்தசஷ்டி என்றால் தெருவே விரதம் இருக்கும்போது ஒருவர் மட்டும் வயிறாரச் சாப்பிடக் கூச்சமாக இருக்கும். பாதி உறுதியைத் தெருவே தந்துவிடும்.

ஆக்லாந்துத் தெரு அதைத் தராது. மார்கழி இங்கே நடுக்கோடை. பொழுது ஆறு மணி வாக்கில் புலர்ந்து, மாலை எட்டரை தாண்டித்தான் சாய்கிறது. கடலோரம் பொஹுட்டுகாவா மரங்கள் சிவப்பாகப் பூத்து நிற்கும். அலுவலகங்கள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மூடிக் கிடக்கும். கடைகளில் தள்ளுபடி, கூடாரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போகும் நண்பர்கள். நமக்கு விழித்தெழும் மாதமாகச் சொல்லப்பட்டது, இந்த நாட்டுக்கு அவிழ்த்துவிட்டுச் சாயும் மாதம். அதில் தவறு ஒன்றும் இல்லை. அவர்களுடைய பருவம் அவர்களுக்கு. ஆனால் நம் மார்கழியை நாமேதான் எழுப்ப வேண்டும்.

நேரக்கணக்கும் ஒரு சிக்கலைச் சேர்க்கிறது. செப்டம்பர் கடைசி ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். அப்போது இந்தியாவை விட, இலங்கையை விட, நாம் ஏழரை மணி நேரம் முந்தியிருப்போம். ஆக்லாந்தில் காலை 5 மணி என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் முந்தின இரவு 9.30. சாப்பாடு முடிந்து, தொலைக்காட்சி ஓடி, அண்ணன் தம்பி, அத்தை சித்தி எல்லாரும் வாட்ஸ்அப்பில் கூடியிருக்கும் நேரம். நம் முன்னோர் ஓதுவதற்கும் தியானத்துக்கும் ஒதுக்கி வைத்த விடியற்காலை, நம் கையிலிருக்கும் கருவியில் நாளிலேயே அதிக இரைச்சல் உள்ள நேரமாக மாறிவிட்டது. மணி பார்க்கத்தான் எடுக்கிறோம். கல்யாணப் படங்கள், காலில் அடிபட்ட மாமாவின் செய்தி, அரசியல், சினிமா. எதுவும் கெட்டதல்ல. பெரும்பாலும் பாசம்தான். முக்கால் மணி நேரம் கழிந்து தலை நிமிரும்போது விளக்கு ஏற்றாமலே விடிந்திருக்கும்.

இங்கேதான் எனக்கு ஒரு செடி ஆசிரியராக வந்தது.

குளிர்காலம் முடியும் தறுவாயில் ஆக்லாந்தின் வேலிகளிலும் ஓடைக்கரைகளிலும் ஒரு கொடி பூக்கும். இளஞ்சிவப்பு மொட்டு, வெள்ளை நட்சத்திரப் பூ. மணம் மல்லிகையின் மணமேதான். மல்லிகை இனம்தான் அது, சீனா, மியன்மார் பக்கத்திலிருந்து தோட்ட அழகுக்காக வந்த ஜாஸ்மினம் பாலியாந்தம் என்ற வகை. இங்கே வந்த முதல் வசந்தத்தில் அந்த மணம் பட்டவுடன் நடைபாதையில் நின்றுவிட்டேன். ஊர் வந்து கையைப் பிடித்தாற்போல இருந்தது. ஒரு கிளை ஒடித்து வந்து முருகன் படத்துக்குச் சாத்தினேன். பிறகுதான் அறிந்தேன், நியூசிலாந்தில் அது களைச்செடி. விற்கக் கூடாது, பதியன் போட்டுப் பரப்பக் கூடாது என்று தடை இருக்கிறது. காட்டுக்குள் நுழைந்தால் மரத்தின் மேல் ஏறி, உச்சிக்குப் போர்வை போர்த்தி, கீழே முளைக்கும் இளங்கன்றுகளுக்கு வெளிச்சம் கிடைக்காமல் செய்துவிடும். தண்டு தரையில் தொடும் இடமெல்லாம் வேர்விடும். மேலே வெட்டிவிட்டுப் போனால் பயனில்லை, விட்டுப்போன துண்டு ஒவ்வொன்றும் தனிக்கொடியாகும்.

வார இறுதிகளில் தன்னார்வலர்கள் கூடி இதைப் பிடுங்குகிறார்கள். நானும் சில முறை போயிருக்கிறேன். கையுறையோடு மண்டியிட்டு, தரையோடு ஓடும் தண்டைப் பிடித்து, கணுவுக்குக் கணு வேரை நெம்பி எடுக்க வேண்டும். உழவாரப் பணிக்கும் இதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. முட்செடியைப் பிடுங்குவது எளிது, குத்துவதால் அதன்மேல் நமக்குப் பிரியம் இல்லை. மணக்கிற கொடியைப் பிடுங்குவதுதான் கை நடுங்கும் வேலை. பூ கொத்தாகத் தொங்கும்போது, இதை மட்டும் விட்டுவிடலாமே என்று மனம் கெஞ்சும். காடு மூச்சுத் திணறுவது அந்த ஒன்றால்தான்.

ஆன்மிகத்தில் நம்மை இழுத்துப் போவதும் பெரும்பாலும் இப்படி மணக்கிற சங்கதிதான். சூதாட்டத்துக்கும் குடிக்கும் பலியாகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கோயிலுக்கு வந்துபோகும் சராசரிக் குடும்பத்தை வழிமாற்றுவது பிள்ளையின் படிப்பு, வீட்டுக்கடன், ஊரில் உள்ளவர்களுக்கு அனுப்ப வேண்டிய பணம். ஒவ்வொன்றும் அன்பின் பெயரால் வருகிறது. ஆக்லாந்தில் வீடுகள் பல ஏலத்தில் விலைபோகும். சனி, ஞாயிறுகளில் தெருமுனையெங்கும் ஓப்பன் ஹோம் பலகைகள் நிற்கும். அன்னதான வரிசையில் நின்றபடி எந்தப் பகுதியில் என்ன விலைக்குப் போனது என்று பேசுவோம். தட்டு கைக்கு வரும்போது சந்நிதியில் ஐந்து நிமிடத்துக்கு முன் என்ன வேண்டிக்கொண்டோம் என்பது மறந்திருக்கும்.

அதைவிட மணமான களை ஒன்று உண்டு. கோயிலே அது. நிர்வாகக் கூட்டம், உபயக்காரர் பெயர்ப்பலகை, யார் பரிவட்டம் கட்டுவது, எந்தப் புகைப்படம் எந்தக் கோணத்தில். எல்லாம் சுவாமி காரியம் என்ற பெயரில் நடப்பதால் அதைக் களை என்று சொல்லவே நாக்கு கூசுகிறது. ஒரு திருவிழாவில், அலங்காரம் முடிந்து திரை விலகும் நேரம், நான் கைபேசியை உயர்த்திப் படம் எடுக்க இடம் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஈழத்து அம்மா ஒருவர் கீழே உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். மல்லிகை கிடைக்காத ஊர், வீட்டுத் தோட்டத்துச் செம்பருத்தியும் செவ்வந்தியும் அவர் மடியில் இருந்தன.

"தம்பி, உதை அங்கால வைச்சிட்டு இப்பிடி இருங்கோ. இந்த நூலின்ர மற்ற நுனியைப் பிடிக்க ஆளில்லை."

உட்கார்ந்தேன். நூலைப் பிடித்தேன். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் படம் எடுக்க முடியவில்லை. திரை விலகியபோது முருகனைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவர் எனக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. ஆனால் திருப்புகலூர்க் கதையின் உள்முடிச்சு அன்றைக்குத்தான் அவிழ்ந்தது. வெறுங்கையோடு நிற்பவன் எதையாவது பற்றத்தான் செய்வான். அப்பர் பொன்னைப் பற்றாததற்குக் காரணம், பற்றுவதற்கு அவர் கை காலியாக இல்லை.

கை நிறைந்திருந்தால் மட்டும் போதுமா என்று கேட்கலாம். போதாது என்றுதான் தோன்றுகிறது. வேலியும் வேண்டும். இந்த மண் அதை நன்றாக அறிந்த மண். ஆக்லாந்துக்கு மேற்கே வைட்டாகெரெ மலைத்தொடரில் கௌரி என்ற பெருமரங்கள் நிற்கின்றன. ஆயிரம் ஆண்டு கடந்தும் வாழக்கூடிய இனம். பெயரைக் கேட்கும்போதே தமிழ்க் காது கும்பிடும். அந்த மரங்களின் வேரை அழுகவைக்கும் நோய்க்கிருமி ஒன்று மண்ணில் பரவுகிறது. பல ஆண்டுகள் மேலே எந்த அடையாளமும் தெரியாது, இலை பசுமையாகவே இருக்கும், வேர் உள்ளே போய்க்கொண்டிருக்கும். முழுதாகக் குணப்படுத்த மருந்து இல்லை. கிருமியைச் சுமந்து போவதில் நடைப்பயணம் போகிறவர்களின் செருப்பு மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. குண்டூசித் தலை அளவு மண் போதும் என்கிறார்கள்.

2017 டிசம்பரில், அந்த நிலத்தின் மக்களான தெ கவெராவ் ஆ மாகி என்ற மாவோரி இனக்குழு, காட்டின் மேல் ராஹுயி விதித்தது. ராஹுயி என்பது ஓர் இடம் மீண்டு உயிர்பெறும்வரை மனிதர் அதற்குள் போகாமல் விலக்கி வைக்கும் மரபு. மாநகராட்சி அடுத்த ஆண்டில் காட்டுப் பாதைகள் பலவற்றை மூடியது. திறந்திருக்கும் பாதைகளின் வாயிலில் தூரிகையும் மருந்துத் தண்ணீரும் வைத்திருக்கிறார்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் செருப்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முதல்முறை அங்கே நின்று காலைத் தேய்த்தபோது, கோயில் வாசல் குழாயடியில் கால் கழுவும் நினைவு வராமல் இல்லை.

விரதம் என்று நாம் சொல்வது நம்மேல் நாமே விதித்துக்கொள்ளும் ராஹுயி. காட்டுக்குப் போவது பாவம் என்பதால் அவர்கள் தடுக்கவில்லை. உணவும் தூக்கமும் பேச்சும் பாவம் என்று நாமும் விரதம் இருப்பதில்லை. வேர் மூச்சுவிடக் கொஞ்ச நாள் தேவைப்படுகிறது. ஃபிஜித் தமிழர்களிடம் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 1879-லிருந்து 1916 வரை கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுபோகப்பட்டார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. அந்த உழைப்பின் நடுவே மாரியம்மனுக்குத் தீமிதியை விடாமல் கொண்டுவந்தவர்கள் அவர்கள். சுவாவின் மாரியம்மன் கோயிலில் தீயில் இறங்குபவர்கள் பத்து நாள் வீட்டையும் ருசியையும் விலக்கித் தனித்திருப்பார்கள். 1987-இல் நடந்த ஆட்சிக்கவிழ்ப்புகளுக்குப் பின் பலர் ஆக்லாந்துக்கு வந்தார்கள். அவர்களில் மூத்தவர்களிடம் பேசினால் தீயைப் பற்றிக் குறைவாகத்தான் சொல்வார்கள். அந்தப் பத்து நாளைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள்.

வேலிக்கும் ஓர் எல்லை உண்டு. ஆக்லாந்துக்கு வடக்கே, காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவில், மகராவ் என்ற இடத்தில் தம்ம மேதினி என்ற விபாசனா மையம் இருக்கிறது. பர்மாவில் பிறந்த எஸ்.என். கோயங்கா வகுத்த முறைப்படி அங்கே பத்து நாள் பயிற்சி நடக்கும். சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேதுவிலும் இதே முறைதான். கைபேசி, புத்தகம், எழுதுகோல் எல்லாவற்றையும் முதல் நாளே ஒப்படைத்துவிட வேண்டும். பேச்சு கிடையாது. காலை 4 மணிக்கு மணி அடிக்கும், நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் உட்கார வேண்டும். கட்டணம் வாங்குவதில்லை. நம் ஜபத்தையும் மாலையையும் கூட அந்த நாட்களுக்கு நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். ஆகவே சைவ வைணவ நெறியில் நிற்பவர்கள் இதை யோசித்தே முடிவு செய்ய வேண்டும், நானும் யோசித்துத்தான் போனேன்.

இழுப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. புல்வெளி, குன்று, பறவைக் குரல். மூன்றாம் நாள் மூச்சைக் கவனிக்க உட்கார்ந்த என் மனத்தில் வரிசையாக வந்தவை: நான்கு ஆண்டுக்கு முன் ஏலத்தில் கை நழுவிய ஒரு வீடு, அலுவலகத்தில் ஒருவர் சொன்ன ஒரு சொல், அதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில். செல்பேசி அலுவலக அறையில் பூட்டிக் கிடந்தது. இரைச்சல் மட்டும் குறையவில்லை. மதயானையையும் புலியையும் அடக்கினாலும் இந்த மனத்தை அடக்குவது அரிது என்று தாயுமானவர் ஏன் அங்கலாய்த்தார் என்பது அந்த மண்டபத்தில் விளங்கியது. அப்பர் ஏன் தம் வினைகளிடம் நேரே பேசினார் என்பதும்.

அங்கே சொல்லித்தரும் வழி மிக எளிமையானது. மனம் ஓடிவிட்டது என்று தெரிந்த கணத்தில், கோபிக்காமல், மூக்கு நுனியில் மூச்சுக்குத் திரும்பி வர வேண்டும். மறுபடி ஓடும், மறுபடி திரும்ப வேண்டும். திரும்புவதுதான் பயிற்சி. ஓடாமல் இருந்த நேரத்தை யாரும் கணக்கு வைப்பதில்லை. கொடியைக் கணுவுக்குக் கணு பிடுங்குபவரும் அப்படித்தான் வேலை செய்கிறார், ஒரே வெட்டில் காடு சுத்தமாகும் என்று எதிர்பார்ப்பதில்லை.

வீட்டில் இப்போது ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறேன். கைபேசி இரவில் சமையலறையில் தூங்குகிறது. படுக்கையருகே பழைய அலாரக் கடிகாரம். ஐந்து மணிக்கு எழுந்ததும் முதல் வேலை பூஜை மாடத்தைத் துடைப்பது, நேற்றைய பூவை எடுப்பது, திரியைக் கிள்ளுவது. பத்து நிமிடம் கைக்கு வேலை. அதன் பிறகுதான் உட்காருவது. சில நாள் துடைப்பதோடு நின்றுவிடுகிறது, பேருந்துக்கு நேரமாகிவிடும். அந்த நாட்களையும் கழிவாக நான் எண்ணுவதில்லை. சித்திரைச் சதயத்தன்று அப்பர் குருபூஜை வரும்போது இங்கே இலையுதிர்காலம். கோயில் வாசலில் விழுந்து நனைந்து கிடக்கும் இலைகளைக் கூட்டி அள்ளப் பிள்ளைகளையும் அழைத்துப் போவேன். உழவாரம் கிடைக்கவில்லை, கடையில் வாங்கிய தட்டை மண்வெட்டியை வைத்துக்கொண்டு அதுதான் உழவாரம் என்று காட்டுவேன்.

எங்கள் பின்வேலியில் போன வசந்தத்தில் அந்த மல்லிகைக் கொடியைப் பிடுங்கி எடுத்தேன், முழுதாகவென்றுதான் நினைத்தேன். நேற்று பார்த்தபோது பலகைக்கு அடியில், விரல் நீளத்தில், இரண்டு இலை விட்டிருந்தது.